ராஜினாமாவை யாருகிட்ட குடுக்கிறது?

போன வருஷம் ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை. காலையில எட்டரை மணிக்குப் பட்டறை வாசல்ல வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைச்சேன். இறங்கல. இறங்க முடியலன்னு சொல்றதுதான் சரி. கால்வலி, காய்ச்சல் எதுவும் கிடையாது. உள்ளே மெஷின் ஓடுற சத்தம் கேட்குது. 2011-ல அந்தச் சத்தத்துக்காகத்தான் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் பேங்க்ல வெச்சேன். இப்ப அதையே கேட்டா வயித்தைப் பிசையுது. ஷட்டர்கிட்ட நின்ன ஹெல்பர் பையன் என்னையே பார்த்தான். சட்டுனு போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டேன். அந்தப் பக்கம் யாருமில்லை. "சரிங்க... அனுப்பிடறனுங்க... திங்கக்கிழமை கண்டிப்பாங்க..." இருபது நிமிஷம் இல்லாத ஆளுக்குச் சால்ஜாப்பு சொன்னேன். பொய்யாப் பேசும்போதுகூட வாயில வந்தது சால்ஜாப்புதான் பாருங்க!

தொழில் என்னன்னா, கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்ன ஷெட். பம்புக்கும் வால்வுக்கும் ஷாஃப்ட், புஷ் கடைஞ்சு குடுக்கிற ஜாப் ஒர்க். ரெண்டு சிஎன்சி, ஒரு பழைய லேத், ஒன்பது பேர். "தொழிலதிபர்"னு கல்யாணப் பத்திரிகையில மட்டும் போடுவாங்க.

இதை வாசிக்கிற உங்கள்ல பாதிப்பேர் மாசச் சம்பளக்காரர்கள்னு தெரியும். உங்களுக்கு முடியலன்னா ஒரு நாள் பேப்பர் போட்டுடலாம். சுலபம்னு சொல்ல வரல, ஆனா வாங்கிக்க ஒரு ஆள் இருக்கார். நான் யாருகிட்ட போடறது? சொந்தப் பேர்ல தொழில் நடத்துறவனுக்குச் சட்டப்படியே தான் வேற, கம்பெனி வேறன்னு கிடையாது. ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து இருக்கே, அதுல மூணாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் இருக்கிறது என்னோட பான் நம்பர். கம்பெனிக் கடன் என் கடன். கம்பெனி மூழ்கினா வீடும் மூழ்கும். அந்த நம்பரை எந்நேரமும் நெத்தியில ஒட்டிக்கிட்டுத் தூங்குற மாதிரி.

இதுக்கு 'பர்ன் அவுட்'னு பேர். நியூயார்க்ல ஒரு இலவச கிளினிக்ல வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்ங்கிற மனநல நிபுணர் 1974-ல இதைப் பத்தி எழுதினார், தனக்கு வந்ததையும் சேர்த்து. உலக சுகாதார நிறுவனம் 2019-ல இதை நோய்னு சேர்க்கல, வேலை சார்ந்த ஒரு நிலைன்னுதான் சொல்லிச்சு. மூணு அடையாளம் குடுத்திருக்காங்க. சக்தியெல்லாம் வடிஞ்சு போறது, வேலை மேல ஒரு வெறுப்போ ஒட்டாத தன்மையோ வர்றது, நம்மால ஒண்ணும் ஆகலங்கிற நினைப்பு. படிச்சப்ப யாரோ நம்ம பட்டறையில சிசிடிவி வெச்சுப் பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு :)

ஆனா எல்லாரும் சொல்ற காரணம்தான் எனக்கு ஒத்துக்கல. "அதிகமா உழைக்கிறீங்க, அதான்." இல்லீங்க. 2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கா? கோவையில பாதி நாள் கரண்ட் இருக்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா எழுந்து ஓடிப்போய் மெஷினைப் போடுவோம். மெஷின் பக்கத்துலயே சாக்கை விரிச்சுப் படுத்திருக்கேன். கடன் அப்பவும் இருந்துச்சு, தூக்கம் இப்பவிடக் கம்மி. ஆனா ஒரு நாள்கூட வண்டிக்குள்ள உட்கார்ந்து நடிக்கல. ஏன்னா அந்தக் கஷ்டம் ஊருக்கே தெரிஞ்ச கஷ்டம். "கரண்ட் இல்லீங்க"ன்னு கஸ்டமர்கிட்ட நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். டீக்கடையில நாலு பட்டறைக்காரங்க சேர்ந்து திட்டலாம். அதுல பாதி பாரம் போயிடும்.

இப்ப இருக்கிறது யாருக்கும் தெரியக்கூடாத கஷ்டம். போன வருஷம் எனக்கு வரவேண்டிய பணத்துல பெரும்பகுதி ரெண்டு கஸ்டமர்கிட்ட மாட்டியிருந்துச்சு. இதை லேபர்கிட்ட சொல்ல முடியாது, வேற பட்டறைக்குப் போயிடுவாங்க. பேங்க்ல சொன்னா லிமிட்டைக் குறைச்சுடுவான். இன்னொரு கஸ்டமருக்குத் தெரிஞ்சா "இவன் தாங்கமாட்டான்"னு ஆர்டரை மாத்திடுவான். வீட்ல சொன்னா அவங்களும் தூங்கமாட்டாங்க. ஆக நாலு இடத்துலயும் நாலு வேஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு உடம்பு அலுத்துப் போறது மெஷின்னால இல்ல, வேஷத்தாலதான். அதுதான் என் கட்சி.

சட்டம் இல்லாம இல்லை. 2006-ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் எங்களை மாதிரி சின்ன யூனிட்டுக்கு 45 நாளைக்கு மேல பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது. ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்துல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டுவட்டி. கேட்கவே குளிர்ச்சியா இருக்குல்ல? ஆனா நூறு நாள், நூத்தி இருபது நாள்னு இழுக்கிற கஸ்டமர் மேல கேஸ் போட்டவன் அடுத்த ஆர்டருக்கு எங்க போவான்? எனக்குத் தெரிஞ்ச பட்டறைக்காரங்கள்ல ஒருத்தர்தான் புகார் குடுத்தார், அதுவும் அந்தக் கஸ்டமரை விட்டு விலகறதுன்னு முடிவு பண்ணின பிறகு. பணம் வராததோட வலி ஒரு பங்குன்னா, வராத பணத்துக்கு "வணக்கங்க, நல்லா இருக்கீங்களா"ன்னு சிரிச்சுப் பேசறது மூணு மடங்கு. கூட்டுவட்டி.

"லீவு போட்டு எங்கயாவது போயிட்டு வா"ன்னாங்க. போனோம், வால்பாறைக்கு. ஆழியார்ல இருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. அதை ஏறி முடிக்கிறதுக்குள்ள பதினோரு போன். "ண்ணா, இன்செர்ட் தீர்ந்துடுச்சு, எங்க வாங்கறது?" "ண்ணா, வண்டி வந்து நிக்குது, சலான்ல யார் கையெழுத்து?" மேல போய் டவர் கிடைக்காம போனப்ப நிம்மதி வரல, பயம்தான் வந்துச்சு. மூணு நாள் புக் பண்ணினதை ஒரே நாள்ல முடிச்சுட்டுத் திரும்பிட்டோம். பையன் வழி நெடுக முகத்தைத் தூக்கி வெச்சிருந்தான். லீவு ஒரு மருந்துன்னா, அதைச் சாப்பிட நமக்கு முதல்ல வாய் இருக்கணும்.

அப்புறம் நெஞ்சு எரிச்சல்னு ஒரு டாக்டர்கிட்ட போனேன். ஈசிஜி நார்மல். எத்தனை மணிக்கு எழுந்திரிக்கறீங்கன்னு கேட்டார். மூணரைன்னேன். பட்டறையை மறந்து ஏதாவது சந்தோஷமா செய்யறீங்களான்னார். பதில் வரல. வேலையை விட்டுத் தள்ளி இருந்தாலும் எதுலயும் ருசி இல்லைன்னா அது வெறும் அலுப்பு இல்ல, மனநல டாக்டரைப் பாருங்கன்னு எழுதிக் குடுத்தார். கோபம் வந்துச்சு. சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுட்டேன். துவைக்கிறப்ப வீட்டம்மா கையில சிக்கிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் சொன்னேன். எவ்வளவு வரணும், எவ்வளவு தரணும், எந்த நகை எங்க இருக்கு, ரூபாய் கணக்கு பைசா விடாம. அழுவாங்கன்னு நினைச்சேன். கோபம்தான் பட்டாங்க. "மூணு மாசமா நீங்க ரசத்துல உப்பு இல்லைன்னு சொல்லவே இல்ல. அப்பவே எனக்குத் தெரியும், ஏதோ இருக்குன்னு. கேட்டா நல்லாப் போகுதுங்கறீங்க." ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் பட்டறைக்கு வந்து பில் ஃபைலை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை. நான் ஆறு மாசம் கெஞ்சியும் எடுக்காத போனை, "அக்கவுண்ட்ஸ்ல இருந்து பேசறேனுங்க சார், இன்வாய்ஸ் நம்பர் சொல்லட்டுங்களா"ன்னு இவங்க கேட்டதும் எடுத்தாங்க. எனக்கு அந்தப் பேச்சுல ஒரு மானப்பிரச்சனை, இவங்களுக்கு அது வெறும் பில். பாதிப் பணம் ரெண்டு மாசத்துல வந்துச்சு.

செட்டர்கிட்ட சாவியையும், ஐயாயிரம் ரூபாய் வரைக்கும் கேட்காம வாங்கிக்கோன்னு ஒரு வார்த்தையையும் குடுத்தேன். முதல் மாசமே ஆஃப்செட் தப்பாப் போட்டு அறுபது பீஸ் ரிஜெக்ஷன். ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானே நின்ன காலத்துலயும் அப்படி மாசம் ஒண்ணு நடந்துட்டுத்தான் இருந்திருக்கு. சாவியைத் திருப்பி வாங்கல. நூத்தி இருபது நாள் கஸ்டமருக்கு இனி வேலை எடுக்கறதில்லைன்னு சொல்லிட்டேன். அதனால ஒரு மெஷின் வாரத்துல ரெண்டு நாள் சும்மா நிக்குது. அதைப் பார்க்கிறப்ப இப்பவும் வயித்தைக் கலக்கும், இல்லைன்னு சொல்லமாட்டேன். டாக்டரையும் பார்த்தேன், மாத்திரை ஓடிட்டிருக்கு. (டாக்டர்கிட்ட போகக் கூச்சம்னா 14416, டெலி மானஸ். அரசாங்கம் 2022-ல ஆரம்பிச்சது, இலவசம், தமிழ்லயே பேசலாம்.)

எங்க ஊர்ல "எனக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாதுங்க"ன்னு சொல்றது ஒரு பட்டம் மாதிரி. ஹால் வாடகைக்கு எடுத்து தன்னம்பிக்கை வகுப்பு நடத்துறவங்களும் அதையேதான் சொல்லிக் கைத்தட்டு வாங்கறாங்க. நானும் முன்வரிசையில உட்கார்ந்து தட்டியிருக்கேன், காசு குடுத்து. அங்க மேடை ஏறி ஒருத்தராவது "எனக்கு இவ்வளவு பாக்கி வரணும், அதனால தூக்கம் வரல"ன்னு தொகையோட சொன்னா அந்த டிக்கெட் காசு தகும்.

போன சனிக்கிழமையும் வண்டியை நிறுத்திட்டு இறங்காம இருந்தேன். அதே ஷட்டர், அதே சத்தம். செட்டர் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"ஏனுங்ணா, போன்ல இருக்கீங்களா?"

"இல்லப்பா. சும்மா உக்காந்திருக்கேன். உள்ள வரப் பிடிக்கல."

ஒரு நிமிஷம் நின்னான். "சரிங்ணா. டீ இங்கயே கொண்டுவரச் சொல்லட்டுங்களா?"