பூட்டிய அறிவு, கள்ளச் சாவி

சை-ஹப் இணையதளத்தை முடக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கட்டணம் செலுத்தினால் மட்டுமே படிக்கக்கூடிய ஆய்வுக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாக வழங்கும் அத்தளத்தை, கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-இல் தொடங்கினார். எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகியவை 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், புதிய கட்டுரைகளைப் பதிவேற்றுவதில்லை என்று அளிக்கப்பட்ட உறுதிமொழி மீறப்பட்ட நிலையில், இந்த உத்தரவு வியப்புக்குரியதன்று.

ஆனால், சட்டம் முடித்துவைத்த இடத்தில் நியாயம் குறித்த கேள்வி முடிந்துவிடவில்லை.

நாளிதழ் ஒன்று இணையத்தில் கட்டணம் கேட்கிறதென்றால், அதில் செய்தியாளரின் ஊதியம் அடங்கியிருக்கிறது. அதைக் குறுக்கு வழியில் படிப்பவர், உழைத்தவரின் கூலியில் கைவைக்கிறார். ஆய்விதழ்களின் நிலை வேறு. கட்டுரை எழுதும் விஞ்ஞானிக்குப் பதிப்பகம் பணம் தருவதில்லை. அதை மதிப்பிடும் அறிஞர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே பணியாற்றுகின்றனர். ஆய்வுக்கான நிதியோ பல வேளைகளில் அரசினுடையது. பதிப்பகங்களுக்கும் செலவு உண்டு என்பது உண்மைதான். ஆயினும், மக்களின் வரிப்பணத்தில் விளைந்த ஆய்வை மக்களே மீண்டும் விலைகொடுத்து வாங்க வேண்டும் என்பதை எந்தத் தர்மத்தில் சேர்ப்பது?

இந்தியச் சட்டம் மாணவர்களின் தேவையை அறியாததன்று. தில்லி பல்கலைக்கழக வளாகத்தில் பாடப் பகுதிகளை நகலெடுத்து விற்ற கடைக்கு எதிராக வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை, இதே உயர் நீதிமன்றம்தான் 2016 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கற்பித்தலுக்காக நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஒட்டுமொத்தக் களஞ்சியத்தையே அனுமதியின்றி உலகுக்குத் திறந்துவிடுவது அந்த விலக்கில் அடங்குமா என்பது ஐயத்துக்குரியதே.

மத்திய அரசு கண்ட தீர்வு, 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்துக்கு, 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்க இது வழிசெய்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் முதல் கட்டத்தில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு இடமளிக்கப்படவில்லை. பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் பயில்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

சந்தா கட்டுவது நோயைத் தணிக்குமே தவிர, தீர்க்காது. அரசு நிதியில் உருவாகும் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரி தொழில்நுட்பத் துறையும் 2014-இலேயே கொள்கை வகுத்தன. அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துவதே நிலையான வழி. 2027-க்குப் பிறகும் கோடிகளை ஒதுக்கக் கோரிக்கை வருமானால், அதற்கு முன் இந்தக் கொள்கை என்ன ஆயிற்று என்று நாடாளுமன்றம் கேட்க வேண்டும்.

கள்ளச் சாவியைப் பறிமுதல் செய்தாகிவிட்டது. நேர்மையான மாணவனுக்கு வாசலைத் திறந்துவிடுவது அரசின் கடமை.