கராஜுக்குள் ஒரு வண்டி

2023 மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தார். “கராஜுக்குள் வண்டி செய்கிறேன்” என்றார். சுவரில் ஒரு ஆணி அறையவும் அத்தானைக் கூப்பிடுகிறவர்! எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும், நீர்த்துளி வடிவான படுக்கை வண்டி அது. 1930களில் அமெரிக்காவில் பரவியது. பெரும்பாலும் 4 அடி அகலம், 8 அடி நீளம். ஒட்டுப்பலகையும் அதே அளவில் வருவதால் வீணாவது குறைவு. உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. கோடையில் மகளோடு ஏரிக்கரைக்குப் போகத்தான் இத்தனை பாடும்.

அக்காவை அழ வைத்தது பசை. சாதாரண மரப்பசை 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. வெளியே உறைபனி. இரவு ஒட்டிய பக்கச்சுவர் காலையில் கையோடு கழன்று வந்தது. வீம்பில் எரிவாயு ஹீட்டரை மூட்டி, சூடு போய்விடுமென்று கதவையும் சாத்தினார். சிறிது நேரத்தில் தலையிடி, குமட்டல். மகள் வந்து கதவைத் திறந்திராவிட்டால்? காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. நுவரெலியாவிலும் குளிருக்குக் கரி மூட்டி, கதவடைத்துப் படுத்தவர்கள் எழும்பாமலே போனதுண்டு. சகோதரிகளே, கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம். யன்னலைச் சற்றுத் திறந்தால் போதுமென்றும் நம்பாதீர்கள்.

பிறகு பசைவேலையை வீட்டின் நிலக்கீழ் அறைக்கு மாற்றினார். துண்டுதுண்டாக ஒட்டி, காய்ந்தபின் கராஜில் பொருத்தினார். கூரையில் காற்றுவழியும் வைத்தார். இல்லாவிட்டால் இருவரின் மூச்சே இரவில் சுவரில் தண்ணீராய் வழியுமாம்.

“நாங்கள் செய்த வண்டி” என்று அயலவருக்கெல்லாம் காட்டுகிறாராம் அத்தான். அக்கா திருத்துவதில்லை. நான்தான் தொலைபேசியில் திருத்தினேன்.