உதவி போதுமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

என் பெரியப்பாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஒரு வங்கியில் தொலைபேசி இயக்குநராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் சட்டைக்குத் தாமே இஸ்திரி போடுவார். எங்கள் வீட்டு மாடிப்படி எத்தனை என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். கணிப்பொறியையும் தாமே இயக்குவார்.

“பார்வை இல்லாதவர் கணிப்பொறியை எப்படி இயக்குவார்?” என்று தோழியர் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. பெரியப்பா வைத்திருப்பது என்.வி.டி.ஏ. என்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006ஆம் ஆண்டில் அதை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு விலை இல்லை. தமிழும் படிக்கும். முதலில் கேட்பவர்களுக்கு அந்தக் குரல் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும். பெரியப்பாவோ அதை நாம் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். மவுஸைத் தொடுவதே இல்லை. டேப் விசையும் அம்புக்குறி விசைகளும் அவருக்குப் போதும்.

சென்ற ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம் சலுகை அட்டை ஒன்றைப் புதுப்பிக்க ஒரு பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் உட்கார்ந்தார். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. இந்தக் குறை ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியது அன்று. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள அட்டை அது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பூசை முடிந்து வந்து பத்து மணிக்குத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே உள்ள நாற்பது இணைப்புகளையும் கேட்ட பிறகுதான் படிவத்துக்கு வர முடிந்தது. படிவத்தில் பெயர் எழுதும் கட்டம் எது, முகவரிக் கட்டம் எது என்று குரல் சொல்லவில்லை. “கட்டம், கட்டம், கட்டம்” என்றே சொல்லிக்கொண்டு போயிற்று. ஏனென்றால் கட்டத்தின் பெயரைப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியவர்கள், அதைக் கட்டத்தோடு சேர்த்துக் குறிக்கவில்லை. பிறந்த தேதியைத் தட்டெழுத முடியாது. ஒரு சிறிய நாள்காட்டி திறக்கும். அதில் மவுஸால்தான் தொட வேண்டும். எப்படியோ சுற்றி வளைத்து அதையும் தாண்டினார். கடைசியில் வந்தது கேப்சா. வளைந்து நெளிந்த ஆறு எழுத்துகள் உள்ள ஒரு படம். நாம் இயந்திரம் அல்ல, மனிதர்தாம் என்று மெய்ப்பிப்பதற்காக அவற்றைப் பார்த்துத் தட்டெழுத வேண்டும். படத்தைக் குரல் படிக்காது. ஒலியாகக் கேட்கும் வசதியும் அங்கே இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் காலம் முடிந்துவிட்டது என்று பக்கம் மூடிக்கொண்டது. எழுதியதெல்லாம் போயிற்று.

மூன்று முறை இப்படி நடந்தது. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, இங்கே கொஞ்சம் வாம்மா. நான் மனுஷன்தான்னு இவங்களுக்கு நீ வந்து சாட்சி சொல்லணுமாம்.”

நான் போய் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். உதவி செய்தோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவருடைய கடவுச்சொல்லை நான் தெரிந்துகொண்டேன். கைப்பேசிக்கு வந்த எண்ணைத் தெரிந்துகொண்டேன். மருத்துவச் சான்றிதழைப் படித்தேன். ஆண்டு வருமானம் என்ற கட்டத்துக்கு வந்தபோது பெரியப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு தொகையைச் சொன்னார். “இதுவரைக்கும் எனக்கும் உங்க பெரியம்மாவுக்கும் பேங்குக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உனக்கும் தெரிஞ்சுபோச்சு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொருவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

அன்புத் தோழியரே, நம் பள்ளியில் உதவி செய்வதைப் பற்றி நமக்கு நிறையக் கற்றுத் தருகிறார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இல்லங்களுக்குப் போகிறோம், கேக் கொடுக்கிறோம், பாட்டுப் பாடுகிறோம். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. என்றாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. தம்மால் செய்ய முடிந்த வேலையைச் செய்ய முடியாதபடி வழியை அடைத்துவிட்டு, பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போவதற்கு உதவி என்று பெயர் வைக்கக் கூடாது. பெரியப்பாவுக்கு அன்று தேவைப்பட்டது நான் அல்லேன். ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரு பக்கம்.

“அதற்குத்தான் இ-சேவை மையங்கள் இருக்கின்றனவே” என்று என் அப்பாவே கேட்டார். இருக்கின்றன. அங்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் வருமானத்தையும் கைப்பேசி எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் கேட்பார்கள். விருப்பப்பட்டு அங்கே போவது வேறு, வேறு வழியில்லாமல் போவது வேறு அல்லவா? “கேப்சா இல்லாவிட்டால் திருட்டு நிரல்கள் புகுந்துவிடும்” என்பது இன்னொரு பதில். கைப்பேசிக்கு எண் அனுப்பிச் சரிபார்க்கும் முறையும் அதே பக்கத்தில் இருந்ததே! ஒரு வாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, அதில் ஒன்றைப் பார்வையுள்ளவர் மட்டுமே திறக்கும்படி ஏன் போட வேண்டும்?

இணையப் பக்கங்களை எல்லாருக்கும் ஏற்றபடி அமைப்பது எப்படி என்பதற்கு உலக அளவில் நெறிமுறைகள் இருக்கின்றன. முதல் பதிப்பு 1999இல் வந்தது, இப்போதைய 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. படத்துக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். எல்லா வேலையையும் விசைப்பலகையாலேயே செய்ய முடிய வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் நீட்டித்துக்கொள்ள வழி வேண்டும். காணொளியில் பேசுவதைக் காது கேளாதவர்கள் படிக்கும்படி கீழே எழுத்து ஓட வேண்டும். சிவப்பு நிறத்தால் மட்டும் ஒன்றைக் குறிக்கக் கூடாது, ஏனென்றால் நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட விண்வெளி விஞ்ஞானம் அன்று என்று எங்கள் கணிப்பொறி ஆசிரியை சொன்னார்.

தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. பழைய எழுத்துரு சிலவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ்; கணிப்பொறிக்கு ஆங்கிலம். பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று இருந்தால், குரல் அதை “ஜே, கே, பி, ஓ” என்று படிக்கும்! யூனிகோடு முறையில் இருந்தால்தான் தமிழைத் தமிழாகப் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பல அறிவிப்புகள் இன்றும் பழைய எழுத்துருவிலோ, காகிதத்தை அப்படியே படம் பிடித்தோதான் வருகின்றன. பெரியப்பாவுக்கு இவ்விரண்டும் வெற்றுத்தாள்தான்.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் விதிகள் 2017இல் வந்தன. விதிகள் வந்த இரண்டு ஆண்டுக்குள் அரசும் தனியாரும் தங்கள் சேவைகளை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு 2019இல் முடிந்துவிட்டது. விதிகள் கட்டாயமாக இல்லாமல் வெறும் பரிந்துரையாக இருக்கின்றன என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் கொடுத்தது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்டும்போது கேமராவைப் பார்த்துக் கண் இமைக்கச் சொல்கிறார்கள்; அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் சிதைந்தவர் எப்படி இமைப்பார்? பார்வையற்றவர் கேமராவை எப்படிப் பார்ப்பார்? அவர்கள் தொடுத்த வழக்கில், இணையச் சேவைகளைப் பெறுவதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. அந்தச் செய்தியை அப்பா வெட்டி வைத்திருந்தார். பெரியப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். “ரொம்ப நல்லது. பக்கத்தை எப்ப மாத்துவாங்களாம்?” என்றார்.

செலவு அதிகம் என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதன் இணையதளத்தைத் தம்மால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவைர் என்ற பார்வையற்றவர் அதற்கு முந்திய ஆண்டே புகார் கொடுத்தார். படங்களுக்கு விளக்கம் இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணை புரியவில்லை. பெரிதாக ஒன்றும் அவர் கேட்கவில்லை. அமைப்புக் குழுவோ, அதைச் சரிசெய்ய இருபது லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்றது. அவ்வளவெல்லாம் ஆகாது என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். மனித உரிமை ஆணையம் மகுவைர் பக்கம் தீர்ப்பளித்தது. குழு அப்போதும் முழுமையாகச் செய்யாததால், அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் இந்த வழக்கும் இல்லை, தண்டமும் இல்லை.

எனக்கு இதில் லூயி பிரெயிலின் நினைவும் வருகிறது. பாரீசில் அவர் படித்த பள்ளியில், நாம் எழுதும் அதே எழுத்துகளைக் காகிதத்தில் புடைக்கச் செய்து தடவிப் படிக்கச் சொன்னார்கள். அது பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு வசதி. மாணவர் விரலுக்குப் பெரும்பாடு. பிரெயில் தம் புள்ளி எழுத்தை உருவாக்கியது 1824இல். அப்போது அவருக்கு என் வயதுதான், 15. அவர் 1852இல் இறந்த பிறகே அந்தப் பள்ளி அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பயன்படுத்துகிறவரைக் கேட்காமலே அவருக்காக ஒன்றைச் செய்வது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஊரைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆகஸ்டு மாதத்தில் நானும் நான்கு தோழியரும் தலைமையாசிரியைச் சகோதரியிடம் அனுமதி கேட்டு, கணிப்பொறி அறையில் திரையை அணைத்துவிட்டு, குரலை மட்டும் கேட்டு நம் பள்ளி இணையதளத்தைச் சோதித்தோம். முதல் பத்து நிமிடம் சிரிப்புத்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சேர்க்கை அறிவிப்பு முழுவதும் ஒரே படம். குரல் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது. பார்வையற்ற ஒரு தாய் தம் மகளை இங்கே சேர்க்க விரும்பினால், கடைசித் தேதி எது என்று அவருக்குத் தெரியாது. ஆண்டு விழாப் படங்கள் 212. ஒன்றுக்கும் விளக்கம் இல்லை. நான் இதைச் சகோதரியிடம் சொல்லப் பயந்தேன். அவர்களோ, “சரிசெய்ய எத்தனை நாள் வேண்டும்?” என்று மட்டுமே கேட்டார்கள். அறிவிப்பை எழுத்தாக மாற்ற எங்கள் ஆசிரியைக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

சிற்றாலய வாசலில் உள்ள சாய்தளம் சக்கர நாற்காலியில் வரும் வயதான சகோதரி ஒருவருக்காகக் கட்டப்பட்டது. இன்று மழலையர் வகுப்புப் பிள்ளைகளும், பூத்தொட்டி வண்டி தள்ளும் தோட்டக்கார அண்ணனும், முழங்கால் வலியுள்ள பாட்டிமார்களும் அதில்தான் ஏறுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்க முடிகிற பக்கம் கண்புரை உள்ள என் ஆச்சிக்கும் பயன்படுகிறது.

படங்களுக்கு விளக்கம் எழுதுவதில் எங்களுக்குள் பெரிய சண்டை. புடவை நிறம் வேண்டுமா, யார் சிரிக்கிறார்கள் என்று எழுத வேண்டுமா? பெரியப்பாவிடம் கேட்டோம். “யாரு, என்ன செய்யறாங்க, ஒரு வரி போதும். கவிதை வேண்டாம்” என்றார். இதுவரை 64 படங்கள் முடிந்திருக்கின்றன. விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலையில் கணிப்பொறி அறைக்கு வரலாம்.

பெரியப்பா அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தட்டெழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போதும் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்குமோ என்னவோ.

இந்த ஆண்டு மலரும் வழக்கம்போல் நம் இணையதளத்தில் ஏற்றப்படும். சென்ற ஆண்டு மலரின் பக்கங்களைப் படமாக எடுத்து ஏற்றியிருக்கிறார்கள். அச்சகத்தார் கோத்ததும் பழைய எழுத்துருவில். இந்தக் கட்டுரையையாவது யூனிகோடில் எழுத்தாகவே ஏற்ற வேண்டும் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். தம்மைப் பற்றி நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பெரியப்பா தினமும் கேட்கிறார். நான் படித்துக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.