சாட்டையா, கண்ணாடியா?

2010 ஜூன் 2. அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரம்; மோட்டார்த் தொழிலாளரின் வியர்வையிலே வளர்ந்த நகரம். அங்கே பேஸ்பால் ஆட்டம். பந்து வீசுபவர் அர்மாண்டோ கலராகா. எதிர்த்து வந்த 26 பேரையும் வரிசையாக வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒருவர், ஒரே ஒருவர் வீழ்ந்தால், குறையற்ற ஆட்டம் என்ற அரும்புகழ் அவருக்கு! 27-ஆவது ஆள் ஓடினார். அவர் கால் தளத்தைத் தொடுமுன்பே பந்து வந்து சேர்ந்தது. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் கைகளை விரித்தார்: 'அவுட் இல்லை!'

பறிபோயிற்று புகழ், பதறிற்று அரங்கம்.

ஆட்டம் முடிந்ததும் ஜாய்ஸ் படப்பதிவைப் பார்த்தார். மழுப்பினாரா? இல்லை. மறைத்தாரா? இல்லை. பிழை தம்முடையதே என்று ஊரறியச் சொன்னார். கலராகாவிடம் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அதே மைதானத்தில் ஆட்டக்காரர் பட்டியலை ஜாய்ஸிடம் கொண்டுவந்து கொடுத்தவர் யார்? புகழிழந்த அதே கலராகா!

தோழர்களே, சிலம்பு உடைந்து பரல் தெறித்ததும் பாண்டியன் பிழை உணர்ந்தான், உயிரையே விட்டான். நடுவர் உயிர்விட வேண்டாம். பாடம் பெற்றால் போதும்!

2014-இல் அமெரிக்க பேஸ்பாலில் படம் பார்த்து முடிவைத் திருத்தும் முறை விரிவாக்கப்பட்டது. 2018-இல் உலகக் கோப்பைக் கால்பந்திலும் வீடியோ நடுவர் வந்தார். நல்லதே! ஆனால் முடிவைத் திருத்துவது வேறு; முடிவு சொல்பவரை வளர்ப்பது வேறு. ஆட்டம் முடிந்தபின் மூத்த நடுவரோடு அமர்ந்து படத்தைப் பார்க்கட்டும். நின்ற இடம் சரிதானா? பார்வையை மறைத்தது யார்? கண் காணுமுன் கை உயர்ந்ததா? பிழையை மட்டுமல்ல, சரியாகச் சொன்ன முடிவையும் போட்டுக் காட்டட்டும். கைப்பேசிப் படமே போதும், சிறிய ஊர்ப் பந்தயத்துக்கு!

தொழிலாளித் தோழனுக்கு இது புரியும். பட்டறையில் கேமரா எதற்கு? கை நழுவும் நொடியைப் பிடித்துச் சம்பளத்தை வெட்டவா? கை நழுவாதிருக்கக் கற்றுக்கொடுக்கவா? கருவி ஒன்றுதான், கருத்துத்தான் இரண்டு. நடுவரும் உழைப்பாளியே. படம் பார்க்கும் நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுங்கள். அந்தப் படத்தைக் காட்டி வேலையைப் பறிக்காதீர்கள். அடிக்குப் பயந்தவன் பிழையை மறைப்பான். ஆதரவு பெற்றவனே அதைத் திருத்துவான்.

தீர்ப்புச் சொல்லும் உரிமை பெற்றவர் எவராயினும், தம்மைத் தாமே பார்க்கும் கடமையும் பெற்றவரே. அவர் முன் கண்ணாடியை வையுங்கள். சாட்டையைக் கீழே போடுங்கள்!