எல்லாச் சக்கரமும் ஒன்றல்ல

கடைக்குச் சரக்கு எடுக்கவும், குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரவும் ஒரே வண்டியை வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். அந்த வண்டிக்கு ஆகும் செலவில் டயர் செலவு சிறியதல்ல. எனவேதான், 8,000 அல்லது 10,000 கிலோமீட்டர் ஓடியதும் டயர்களை இடம் மாற்றிப் போட வேண்டும் என்றால் நாம் தட்டாமல் சரி என்கிறோம். யோசனை நல்லதுதான். ஆனால் எல்லா வண்டிக்கும் அது பொருந்துமா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

முன் டயர் திருப்பங்களில் ஓரம் தேயும். எஞ்சின் எந்தச் சக்கரத்தை இழுக்கிறதோ அந்தச் சக்கரத்தின் டயர் விரைவில் தேயும். முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றினால் நான்கும் ஒன்றுபோல் தேய்ந்து, கூடுதல் காலம் உழைக்கும். நான்கு டயர்களும் ஒரே அளவாக உள்ள வண்டிக்கே இந்தக் கணக்கு சரி.

2009இல் வெளிவந்த டாடா நானோவை எடுத்துக்கொள்வோம். இன்று அது தயாரிப்பில் இல்லை. பழைய வண்டியாக வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் முன் டயர் 135/70 ஆர் 12. பின் டயர் 155/65 ஆர் 12. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்கிட்டுப் பார்த்தால் பின் டயர் 20 மி.மீ. அகலம் கூடுதல், குறுக்களவும் சுமார் 12 மி.மீ. கூடுதல்.

இது காரணமில்லாமல் செய்ததல்ல. நானோவின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. இழுப்பதும் பின் சக்கரங்களே. பாரம் பின்பக்கம் அதிகம். அங்கே குறுகிய டயரை மாட்டினால் அது தாங்கும் எடையும் குறையும், திருப்பத்தில் வண்டியின் பின்பகுதி வழுக்கும் அபாயமும் கூடும். குறுக்காக மாற்றி, பின்னால் ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாகப் போட்டால் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் ஓயாமல் வேலை செய்து கெடும். டயரில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஆயிரக்கணக்கில் செலவு வைத்துக்கொள்வது வியாபாரிக்கு அழகா?

இத்தகைய வண்டியில் செய்யக்கூடியது, அதே அச்சில் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றுவது மட்டுமே. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதையும் அப்படியே மாற்றக் கூடாது; ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். ஸ்டெப்னி ஒரே அளவுதான் இருக்கும். ஆகவே அதைச் சுற்றில் சேர்க்க இடமில்லை. அதன் அளவுக்கு ஒவ்வாத அச்சில் மாட்ட நேர்ந்தால், பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகவே அது உதவும்.

மாற்றிப் போட வழி குறைவு என்றால் கவனிப்பைக் கூட்ட வேண்டும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, முன்னுக்கும் பின்னுக்கும் தயாரிப்பாளர் சொன்ன காற்றைத் தனித்தனியே பிடிக்க வேண்டும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு; நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம்; ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பட்டன் 1.6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றுவதே முறை.

இதில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. டயர் கடைக்காரரும் நம்மைப் போன்ற வியாபாரியே. "இந்த வண்டிக்கு இந்த வேலை தேவையில்லை" என்று சொல்பவருக்கு அன்றைய கூலி குறையலாம், வாடிக்கையாளர் நிலைப்பார். வண்டியைப் பாராமல் நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்டிக் காசு வாங்குபவர், எடை குறைத்துப் பருப்பு விற்பவருக்குச் சற்றும் குறைந்தவரல்ல. நம் தராசில் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை அவரிடமும் கேட்பது தவறாகாது.

எனவே உறுப்பினர்கள் வண்டியை வேலைக்கு விடும் முன், நான்கு டயரிலும் உள்ள எண்களைத் தாமே ஒருமுறை படித்துப் பார்க்கும்படியும், செய்த வேலைக்கு ரசீது கேட்டு வாங்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். மூட்டையை எண்ணாமல் இறக்கிக்கொள்ளாத நாம், டயரை மட்டும் பாராமல் விடலாமா?