டயருக்குள் இருக்கும் திரவம் யாது?

டிராக்டரின் பின்சக்கரங்களுக்குள் காற்றோடு திரவத்தையும் நிரப்பும் வழக்கத்தை உழவர் நன்கு அறிவர். எடை கூடினால் சக்கரம் மண்ணைப் பற்றும், வழுக்கல் குறையும். வால்வை உச்சியில் நிறுத்தி, அதன் மட்டம் வரை நிரப்பினால் டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிறையும். எஞ்சிய காற்று மெத்தை போன்று அதிர்ச்சியைத் தாங்கும். நிரப்பும் முறையைக் கற்பிக்கும்போதே, முன்னர் எவரோ நிரப்பிய திரவம் யாதென்று கண்டறியும் முறையையும் கற்பித்தல் இன்றியமையாதது. டிராக்டர்கள் மாநிலம் விட்டு மாநிலம் கைமாறும் இக்காலத்தில் இது சிறு செய்தியன்று.

சமவெளிகளில் வெறும் நீரே போதுமானது. நீர் உறையும் குளிர்ப்பகுதிகளில் கால்சியம் குளோரைடைக் கரைத்து நிரப்புவதுண்டு. நூற்றுக்கு முப்பது பங்கு உப்புள்ள கரைசல் −40 பாகை செல்சியசிலும் உறையாது. நூறு லிட்டர் ஏறத்தாழ 128 கிலோகிராம் எடை கொள்ளும். எத்திலீன் கிளைக்கால், மெத்தனால் ஆகியவற்றை நீரோடு கலந்து நிரப்புவோரும் உளர். வட அமெரிக்காவில் சர்க்கரை பீட்டின் சாற்றிலிருந்து ஆக்கிய பழுப்பு நிறத் திரவமும் வழங்கி வருகிறது.

துளியை நாவில் இட்டுப் பார்த்தால் உப்பா, நீரா என்று உடனே தெரியுமே என்று கூறுவோர் உண்டு. இப்பழக்கத்தை முற்றிலும் விலக்க வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு, சிறுநீரகங்களைக் கெடுக்கும். மெத்தனால் கண்ணொளியைப் பறிக்கும். தன் நாவைக் கருவியாகக் கொள்ளும் பணியாளரைப் பார்த்து நிற்கும் சிறுவனும் அதையே செய்வான் அன்றோ!

முதலில் கண்ணால் காண்க. வால்வைச் சுற்றி வெண்படலமும் துருவும் இருந்து, அவ்விடம் எப்போதும் ஈரமாகவே தோன்றினால் கால்சியம் குளோரைடு என்று ஐயுறலாம். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தானே கசியும். பின்னர் வால்வைக் கீழ்ப்புறம் கொணர்ந்து, முகத்தை விலக்கி, சிறிதளவு திரவத்தைக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்க வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. மெத்தனால் எளிதில் தீப்பற்றும்.

பேட்டரி சோதிக்கும் திரவமானி இங்குப் பெரிதும் பயன்படும். வெறும் நீரில் அதன் மிதவை அளவுகோடுகளுக்குக் கீழே தாழ்ந்துவிடும். 1.200க்கு மேல் காட்டினால் கால்சியம் குளோரைடோ பீட் சாறோ ஆகலாம்; பின்னதை நிறமும் பிசுபிசுப்பும் காட்டிக்கொடுக்கும். ஆயினும் பேட்டரிக்குரிய திரவமானியையே எடுத்தல் தகாது. அதில் எஞ்சிய அமிலம் சோதனையைக் கெடுக்கும். உப்பு பின்னர் பேட்டரியைக் கெடுக்கும். இதற்கெனத் தனியே ஒன்று வேண்டும்.

அடுத்ததற்குச் சலவைச் சோடாக் கரைசலே போதும். கால்சியம் குளோரைடில் அதைச் சேர்த்தவுடன் தயிர் போன்ற திண்ணிய வெண்ணிற வீழ்படிவு தோன்றும். கடின நீருள்ள கிணற்று நீரும் சற்றே கலங்கும்; அதைக் கண்டு ஏமாறலாகாது. பள்ளி ஆய்வகத்தில் உப்புகளைக் கண்டறியும் பாடத்தை நடத்தும் ஆசிரியர், பெயரெழுதிய புட்டிக்குப் பதிலாக இத்தகைய மாதிரியை மாணவர் முன் வைத்தால் பாடம் உயிர்பெறும்.

வீழ்படிவும் இல்லை, திரவமானியும் 1.100ஐ எட்டவில்லை எனில், அது நீர்தான் என்று துணிந்துவிடலாகாது. பாதிக்குப் பாதி கலந்த கிளைக்காலின் அடர்த்தியும் 1.07 அளவினதே. பச்சை முதலிய சாயமோ, சாராய நெடியோ இருப்பின் நஞ்சென்றே கொள்க. ஐயம் நீங்காதவரை, வடித்த திரவம் மூடிய பீப்பாயில் இருக்கட்டும். வாய்க்காலில் விட்டால் கால்நடை குடிக்கும். வயலில் விட்டால் உப்பு பயிரைக் கருக்கும்.

இத்தனை சோதனைக்கும் இடம் வைப்பது, நிரப்பியவர் எழுதி வைக்காமையே. திரவத்தின் பெயர், அளவு, நிரப்பிய நாள் ஆகிய மூன்றையும் சக்கரத்தட்டில் வண்ணத்தால் எழுதவும், வண்டியின் பதிவேட்டில் குறிக்கவும் ஐந்து நிமிடம் போதும். டியூப் மாற்றுங்கால் பழைய எழுத்தை அழித்துப் புதியதை எழுத வேண்டும். பழைய எழுத்து நிலைத்திருப்பது, எழுத்தே இல்லாமையினும் கேடு.