சைக்கிள் வரைபடத்தில் சேரி எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு சைக்கிள் வரைபடம் அச்சிடும் பேச்சு கிளம்பியிருக்கிறது. மாதிரித்தாள் கைக்கு வந்தது. சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் கோட்டை எல்லாம் இருக்கின்றன. டீக்கடைக்கு ஒரு கிளாஸ் படம், குடிதண்ணிக்கு ஒரு குழாய்ப் படம், நிழல் விழும் சாலைக்குப் பச்சைக் கோடு. சேரியை மட்டும் காணோம். ஊரின் புள்ளிக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். மண்ணில் நம்மை ஒட்டவிடாதவர்கள் தாளில் ஒட்டவைத்திருக்கிறார்கள்!

‘ரோடு எல்லாருக்கும் பொதுதானே தோழர், இதுலயுமா சாதி?’ என்று கேட்கிறார் ஒரு நண்பர். நல்ல மனிதர்தான், ஊர்த்தெருக்காரர். ‘எறங்கி உருட்டிட்டுப் போடா’ என்ற குரல் அவர் காதில் ஒருநாளும் விழுந்திருக்காது. நாம் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் எழுதிவைத்திருக்கிறது. 2016 சனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நடக்காத ஒன்றுக்கா நாடாளுமன்றம் சட்டம் போடும்? தார் ரோடு, மண் ரோடு, ஒற்றையடிப்பாதை என்று மூன்று கோடு போடத் தெரிந்தவர்களுக்கு ‘இறங்கி உருட்டும் தெரு’ என்று நாலாவது கோடு போடக் கை வரவில்லை.

கிளாஸ் படத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அதை விசாரிக்கப் போன ஆட்சியர் பக்கத்து இறையூர் டீக்கடையில் பார்த்தது இரட்டைக் குவளை. அந்த இடத்தில் எந்தப் படத்தைப் போடுவீர்கள், ஒரு கிளாஸா, ரெண்டு கிளாஸா?

இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் பெண்கள். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள். ஆம்பளை சைக்கிளையே விரும்பி எடுத்தவர்கள் உண்டு, முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. அவர்கள் மிதித்த வழிகள், குவாரிக்கும் ரேஷன் கடைக்கும் தண்ணீருக்கும் போன வழிகள், மாதிரித்தாளில் ஒன்றுகூட இல்லை. கோட்டை பார்க்க வருகிறவனுக்குத்தான் வழி.

புதுப்பிப்பது என்றால் என்ன? புது மேம்பாலம், மூடிய கடை, அவ்வளவுதானா? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6-இல் இடித்துப் பாதை திறந்தார்கள். பத்தொன்பது வருசம் எந்தப் பதிப்பும் காட்டாத சுவர் அது. இருந்ததைக் காட்டாதவர்கள் இடித்ததை எப்படித் திருத்துவார்கள்?

ஆகவே கணக்கெடுப்புக்குச் சேரிப் பிள்ளைகளை அனுப்புங்கள். ஊர்த்தெரு வழியே சைக்கிளில் ஏறி உட்கார்ந்தே போகட்டும். எங்கே இறக்கிவிடப்படுகிறார்களோ அங்கே தேதி போட்டுச் சிவப்புக் கோடு. வருசத்துக்கு ஒரு தடவை அதே தெருவில் மறுபடி போக வேண்டும், ஏறி உட்கார்ந்தே. சேரிக்கு, அங்கே இருக்கிறவர்கள் சொல்லும் பேரைப் போடுங்கள். தாளின் பின்பக்கம் கோயில் வரலாறு நிரப்பிய இடத்தில் அந்தச் சட்டப் பிரிவைக் கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். சுற்றுலாக்காரர் வரவு குறையும் என்கிறார்கள். குறையட்டுமே.